யாரை விட்டுவிட்டார்கள் என்று கேளுங்கள்

அமெரிக்க வரலாற்றை அமெரிக்கப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்க, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த பெண்ணை எப்படி விட்டார்கள் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். விட்டார்கள், அவ்வளவுதான். கல்யாணமாகி இங்கே வந்து, திரும்பவும் கல்லூரியில் சேர்ந்து படித்து, ஒஹாயோ மாநிலத்தில் ஆசிரியர் உரிமம் வாங்கி, கிளீவ்லாந்தின் கிழக்குப் புறநகரில் ஓர் அரசுப் பள்ளியில் உயர்நிலை வகுப்புகளுக்கு வரலாறு எடுத்தேன். ஓய்வு பெற்றாயிற்று. ஆனாலும் யாராவது ஆசிரியர் விடுப்பில் போனால் கூப்பிடுகிறார்கள், முழங்கால் ஒத்துழைக்கிற நாளில் போய்வருகிறேன். பதினாறு வயதுப் பிள்ளைகள் நிறைந்த அறையில் நிற்பது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

பிள்ளைகளிடம் நான் விடாமல் சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான். எந்த நல்ல சட்டத்தைப் படித்தாலும், அது எந்த வருடம் வந்தது, எந்த அதிபர் கையெழுத்துப் போட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதே. அது யாரை விட்டுவிட்டது, விட்டுப்போனவர்கள் உள்ளே வர எவ்வளவு காலம் ஆயிற்று, யார் சண்டை போட்டு உள்ளே வந்தார்கள் என்று கேள். போர்களும் அதிபர்களும் பாடத்தில் இருக்கட்டும், தேர்வில் வரும். ஆனால் இந்த நாட்டு மனிதர்கள் தினமும் கையில் எடுக்கிற பொருட்கள் இருக்கின்றனவே, சாப்பாட்டுத் தட்டு, வீட்டுப் பத்திரம், பென்ஷன் கடிதம், வரி ரசீது, அவை ஒவ்வொன்றிலும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. இன்றைக்கு அதைத்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது என் கதையும்கூட. அறுபதுகளில் நான் படித்தது எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில். காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் அப்போது எங்கள் பள்ளிக்கும் வந்திருந்தது. சில நாள் சோறும் சாம்பாரும் இருக்கும், சில நாள் கோதுமை ரவை உப்புமா, இன்னும் சில நாள் மஞ்சளாக ஒரு மாவைக் கிண்டித் தட்டில் வைப்பார்கள். மக்காச்சோள மாவு. கூடவே பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சிய பால், லேசாக அடிப்பிடித்த வாசனையோடு வரும். அந்த மூட்டைகளில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற மாதிரி படம் அச்சடித்திருக்கும். அந்தக் கைகள் யாருடையவை என்று எங்களில் யாரும் கேட்டதில்லை, பசி அப்படி. மூட்டை காலியானால் சமைக்கிற ஆயா அதை உதறி மடித்து எடுத்துவைத்துக்கொள்வார், சாக்குப் பையாகத் தைக்க.

அந்தக் கைகளை நான் மறுபடி பார்த்தது இங்கே, கல்லூரியில் அமெரிக்க விவசாயக் கொள்கை பற்றிய ஒரு பாடத்தில். 1954-இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட பொதுச் சட்டம் 480. அமெரிக்க விவசாயிகள் விளைவித்து, இங்கே விற்றுத் தீராமல் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த கோதுமையையும் சோளத்தையும் பால் பவுடரையும் வெளிநாடுகளுக்கு அனுப்ப வழிசெய்த சட்டம் அது. கேர் என்கிற தொண்டு நிறுவனம் அறுபதுகளில் அப்படி வந்த உணவுப் பொருட்களை மதராஸ் மாநிலத்துப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. ஐயோவாவிலோ நெப்ராஸ்காவிலோ விளைந்த சோளத்தைத் தின்றுதான் நான் அ, ஆ படித்திருக்கிறேன் என்று தெரிந்த அன்று வகுப்பில் யாரிடமும் சொல்லாமல் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கத்துப் பள்ளிச் சாப்பாடும் அதே கிடங்கிலிருந்து வந்ததுதான். 1930களின் பெரும் மந்தத்தில் விளைபொருள் விலை விழுந்துவிட, அரசாங்கம் மிச்சமானதை வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. படைக்கு ஆள் எடுக்கும்போது ஊட்டச்சத்துக் குறைவால் தேறாமல் போன இளைஞர்கள் நிறையப் பேர் என்று இராணுவத் தரப்பே நாடாளுமன்றத்தில் வந்து சொன்னது. 1946-இல் அதிபர் ட்ரூமன் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் முகப்பைப் பிள்ளைகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். நாட்டின் பாதுகாப்புக்காக, பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காக, உள்நாட்டு விளைபொருள் செலவாவதற்காக என்று மூன்றும் ஒன்றாகவே எழுதியிருக்கும். பிள்ளையின் பசி, இராணுவம், விவசாயி, மூன்றுக்குமாகச் சேர்த்துப் போட்ட தட்டு அது. எனக்கு இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. எந்தக் காரணத்துக்காகக் கொடுத்தாலும் சாப்பாடு சாப்பாடுதான்.

சரி, யாரை விட்டுவிட்டது? சமையலறை இல்லாத பள்ளிகளை. நகரத்தின் நடுவில் இருந்த பழைய பள்ளிகள் பலவற்றில் சமையலறையே கிடையாது, மதியம் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும் என்று நினைத்துக் கட்டியவை அவை. மத்திய அரசு கொடுக்கிற பணத்துக்கு ஈடாக மாநிலம் காட்டவேண்டிய பங்கில், பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசையும் கணக்குக் காட்டலாம் என்று வைத்திருந்தார்கள். ஆகவே காசு கொடுக்க முடிகிற பிள்ளைகள் இருக்கிற இடத்தில் திட்டம் நன்றாக வளர்ந்தது, காசில்லாத பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வளரவில்லை. நாடு முழுவதும் எந்தப் பிள்ளைக்கு இலவசம் என்பதற்கு ஒரே மாதிரி விதி வர 1970 ஆகிவிட்டது. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1969 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடின பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் ஒரு தேவாலயத்தில் பிள்ளைகளுக்குக் காலை உணவு போட ஆரம்பித்திருந்தார்கள். துப்பாக்கியோடு நிற்கிற படத்தை மட்டுமே பார்த்த பிள்ளைகள், அவர்கள் முட்டை பரிமாறினார்கள் என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான் வேலை செய்த பள்ளி ஒன்றில், பெயர் வேண்டாம், சாப்பாட்டு வரிசையின் கடைசியில் ஒரு பெண் நின்றிருந்தாள். தட்டில் ஒரு பீட்சாத் துண்டு, கொஞ்சம் சோளம், ஆப்பிள் கீற்றுகள், பால் அட்டைப்பெட்டி. தன் சாப்பாட்டுக் கணக்கின் எண்ணை அழுத்தினாள், கணக்கில் பணம் இல்லை, பாக்கி ஏறிவிட்டது. பரிமாறுகிற அம்மா தட்டை வாங்கினார். ஒருவர் தட்டில் போட்டதை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்று சுகாதார விதி, அதனால் அந்தப் பீட்சா நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. அவள் கையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றின ஒரு குளிர்ந்த சீஸ் சாண்ட்விச்சைக் கொடுத்தார்கள். அந்தப் பெண் அழவில்லை. சாண்ட்விச்சைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு எதுவும் நடக்காத மாதிரி தோழிகளோடு போய் உட்கார்ந்தாள், சாப்பிடவே இல்லை. பரிமாறின அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருக்கும் வேறு வழி இல்லை.

கோவிட் காலத்தில் மத்திய அரசு எல்லாப் பிள்ளைக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. 2022 கோடை வரை அது ஓடியது. வரிசையில் எண் கேட்கிறவர் இல்லை, இலவசத்துக்காக வீட்டு வருமானம் காட்டுகிற படிவம் இல்லை, பாக்கி இல்லை. அப்புறம் நிறுத்தினார்கள், படிவங்கள் திரும்பி வந்தன. கிளீவ்லாந்து நகரப் பள்ளிகளில் ஏழ்மை அதிகம் என்பதால் தனி விதியின் கீழ் எல்லாருக்கும் இலவசம். ஒரு தெரு தாண்டிப் புறநகருக்குள் வந்துவிட்டால் காசு, இல்லையென்றால் படிவம். பசிக்கு எல்லைக்கோடு தெரியாது. எல்லாருக்கும் போடுங்கள், கணக்கை அப்புறம் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் என் கட்சி. காமராசர் திட்டத்தில் சாப்பிட்டு வளர்ந்தவள் வேறு என்ன சொல்வேன்.

கொடி வணக்கம் பற்றி ஒரு வார்த்தை. காலையில் ஒலிபெருக்கியில் உறுதிமொழி வரும், எல்லாரும் எழுந்து நெஞ்சில் கை வைத்துச் சொல்வார்கள். அண்மையில் நான் பதிலாளாகப் போயிருந்த வகுப்பில் ஒரு பையன் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் என்னிடம், "அவனை எழுந்திருக்கச் சொல்லுங்கள்" என்றான். சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, அதுவும் 1943 முதல் இல்லை. அந்த உறுதிமொழியை 1892-இல் எழுதியவர் ஃபிரான்சிஸ் பெல்லமி என்கிற பாதிரியார். கடவுளின் கீழ் என்ற சொற்கள் அதில் சேர்ந்தது 1954-இல்தான். கொடியை வணங்குவது தங்கள் மதத்துக்கு ஆகாது என்று யெகோவா சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகள் மறுத்தபோது, பள்ளி கட்டாயப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1940-இல் சொன்னது. அதற்குப் பிறகு பல ஊர்களில் அந்த மதத்தாரை அடித்திருக்கிறார்கள், துரத்தியிருக்கிறார்கள். மூன்றே வருடத்தில், உலகப் போர் நடுவே, அதே நீதிமன்றம் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த வழக்கில் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று தீர்ப்பு வந்த நாள் ஜூன் 14, அது இங்கே கொடி நாள். இதை ஐந்து நிமிடத்தில் சொன்னேன். பக்கத்துப் பையன், "போர் நடக்கும்போதா?" என்று கேட்டான். ஆமாம், போர் நடக்கும்போதுதான். இந்த நாட்டின்மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிற இடங்களில் இது ஒன்று.

வீடு. நாங்கள் இருக்கிற கிழக்குப் பக்கத்தில் ஷேக்கர் ஹைட்ஸ் என்று ஒரு புறநகர் இருக்கிறது. வான் ஸ்வெரிங்கன் சகோதரர்கள் என்கிற இரண்டு நிலத் தரகர்கள் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டமிட்டுக் கட்டியது. மரங்களும் வளைந்த தெருக்களும், நகரத்துக்குப் போக அவர்களே போட்ட ரயில் பாதையும் இன்றும் பார்க்க அழகாக இருக்கும். 1920களில் அவர்கள் எழுதின பத்திரங்களில் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள், வீட்டை விற்கவேண்டுமானால் கம்பெனியின் சம்மதமோ அக்கம்பக்கத்தாரின் சம்மதமோ வேண்டும் என்று. இனம் என்ற பேச்சே அதில் இருக்காது. ஆனால் யாருக்குச் சம்மதம் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். கறுப்பின மக்களுக்கும், பல சமயம் யூதர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் கிடைக்காது. இனத்தைக் காரணம் காட்டுகிற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் சொன்னது. சொன்னதோடு தீர்ந்துவிடவில்லை. 1956-இல் லட்லோ என்கிற பகுதியில் ஒரு கறுப்பின வழக்கறிஞர் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் வெடிகுண்டு வைத்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் வகுப்பில் அதிக நேரம் சொல்வேன். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரக் குடும்பங்களும் கறுப்பினக் குடும்பங்களும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்து பேசி, 1957-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். பயந்து விற்றுவிட்டு ஓடாதீர்கள் என்று தெருத் தெருவாகச் சொன்னார்கள், வாங்க வருகிறவர்களுக்குப் பகுதியைச் சுற்றிக் காட்டினார்கள், வங்கி கடன் தர மறுத்தால் முன்பணத்துக்குத் தாங்களே உதவினார்கள். அரசாங்கம் செய்யவேண்டியதை அக்கம்பக்கத்தார் செய்தார்கள். நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வந்ததோ 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில்.

இங்கேதான் நம் ஆட்கள் கதை சேருகிறது. 1946 முதல் இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேர்தான் குடியேறலாம் என்று வரம்பு இருந்தது. அதற்கு முன்பு அதுவும் கிடையாது, 1917 சட்டம் ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவை மூடியிருந்தது. 1965 அக்டோபரில் அதிபர் ஜான்சன் சுதந்திர தேவி சிலை நிற்கிற தீவில் உட்கார்ந்து கையெழுத்திட்ட சட்டம்தான் நாடுவாரி வரம்பின் பழைய அநியாயத்தை எடுத்துப்போட்டது. அது தனியாக வானத்திலிருந்து விழுந்த சட்டம் இல்லை. 1964 சிவில் உரிமைச் சட்டமும் 1965 வாக்குரிமைச் சட்டமும் வந்த அதே அலையில் வந்தது. வாக்குரிமை கேட்டுச் செல்மாவில் ஊர்வலம் போய்த் தடியடி வாங்கினவர்கள் எங்களுக்காக வாங்கவில்லை, ஆனால் நாங்களும் அதன் பலனில் வாழ்கிறோம். நாங்கள் வீடு வாங்கினபோது யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டோம். கிளீவ்லாந்தில் ஈஸ்டர் சமயத்தில் தியாகராஜ ஆராதனை 1978 முதல் நடக்கிறது, எங்கெங்கிருந்தோ பாட வருகிறார்கள், ஊரே நம் ஊர் மாதிரி ஆகிவிடும். அந்த அரங்கில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நம் கூட்டத்திலேயே சிலர் கறுப்பின மக்களைப் பற்றிப் பேசுகிற பேச்சு காதில் விழும். எனக்குக் கோபம் வரும், அங்கேயே சொல்லியும்விடுவேன். சொன்னதால் இரண்டு மூன்று சிநேகிதம் போயிருக்கிறது, போகட்டும்.

அடுத்து பென்ஷன். என் வயதுக்காரர்கள் கூடினால் இதுதான் பேச்சு. சம்பளத்தில் வரி பிடித்து முதுமையில் பென்ஷன் கொடுக்கிற சோஷியல் செக்யூரிட்டி சட்டம் 1935-இல் வந்தது, ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலம். முதல் மாதாந்திரக் காசோலை 1940 ஜனவரி 31 அன்று எழுதப்பட்டது, வெர்மான்ட் மாநிலத்து ஐடா மே ஃபுல்லர் என்கிற அம்மாவுக்கு, 22 டாலர் 54 சென்ட். அவர் இளம் வயதில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் என்பது எனக்குச் சொந்தத்தில் ஒரு சந்தோஷம். மூன்று வருடத்தில் அவர் கட்டியிருந்தது 24 டாலர் 75 சென்ட், நூறு வயது வரை இருந்து வாங்கியது 22,888 டாலர் 92 சென்ட்.

விட்டுப்போனவர்கள்? வயலில் வேலை செய்தவர்களும் வீட்டு வேலை செய்தவர்களும். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களில் மிகப் பெரும் பகுதியினர் செய்த வேலைகள் இவைதான். தென்மாநில உறுப்பினர்கள் திட்டமிட்டு விலக்கினார்களா, இல்லை, சிதறிக் கிடக்கிற இவர்களிடம் வரி வசூலிப்பது கஷ்டம் என்று அதிகாரிகள் நினைத்தார்களா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வகுப்பில் இரண்டையும் வைப்பேன். காரணம் எதுவானாலும் பாத்திரம் கழுவினவருக்கும் பருத்தி எடுத்தவருக்கும் அந்த வருடங்கள் கணக்கில் ஏறவில்லை. 1950-லும் 1954-லும் திருத்தம் வந்த பிறகுதான் அவர்களில் பலர் உள்ளே வந்தார்கள்.

இன்னொரு கூட்டமும் விட்டுப்போயிற்று, மாநில, உள்ளாட்சி ஊழியர்கள். ஆசிரியர்களும் அதில் சேர்த்தி. ஒஹாயோவில் 1920 முதலே ஆசிரியர்களுக்குத் தனி ஓய்வூதிய நிதி உண்டு. ஐம்பதுகளில் சேர விரும்புகிற மாநிலங்கள் சேரலாம் என்று கதவு திறந்தபோது இங்கத்து ஆசிரியர்கள் தனி நிதியிலேயே இருந்துவிட்டார்கள். அதனால் இன்றும் எங்கள் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி பிடிப்பது கிடையாது. இதனால் வந்த வினையைச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒரு கணக்கு டீச்சர், அவர் கணவர் வாழ்நாள் முழுக்கக் கார் தொழிற்சாலையில் உழைத்து அந்த வரியைக் கட்டினவர். அவர் இறந்ததும் விதவைக்கு வரவேண்டிய தொகை வரும் என்று நினைத்திருந்தார். 1977-இல் கொண்டுவந்து 1983-இல் திருத்தின ஒரு விதி என்ன சொன்னதென்றால், உங்கள் அரசுப் பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்கை அந்தத் தொகையிலிருந்து கழித்துக்கொள்வோம். பென்ஷன் 3,000 டாலர் என்றால் கழிவு 2,000. விதவைத் தொகை 1,800 என்றால் கைக்கு வருவது ஒன்றுமில்லை. அவருக்கு அப்படித்தான் ஒன்றுமில்லாமல் போயிற்று. வேறு வேலை பார்த்து வரி கட்டிவிட்டு அப்புறம் ஆசிரியர் ஆனவர்களுக்கு 1983-இல் இன்னொரு விதி வந்து அவர்கள் தொகையைக் குறைத்தது, நானும் அதில் மாட்டிக்கொண்டவள். ஒரு சம்பளத்துக்கு இரண்டு பென்ஷன் வாங்கிவிடக்கூடாது என்று சொல்லி வந்த விதிகள். கணவர் கட்டின பணம் கணவர் கட்டினதுதானே?

ஆசிரியர்களும் போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் பல ஆண்டுகள் கடிதம் எழுதினார்கள், பேருந்து பிடித்து வாஷிங்டன் போனார்கள். 2025 ஜனவரி 5 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்டு இரண்டு விதிகளும் போயின, 2024 ஜனவரியிலிருந்து சேரவேண்டியதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கணக்கு டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். "பணத்தைவிட, அவர் உழைச்சதை ஒத்துக்கிட்டாங்க பாரு" என்று மறுபடி மறுபடி அதையே சொன்னார். நிதிக்கு இது கூடுதல் சுமை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கவலையும் நிஜம்தான். ஆனால் வழி தேடும்போது விதவையின் காசிலிருந்து தொடங்கக்கூடாது.

கடைசியாக எனக்கு மனசு மிகவும் கனக்கிற விஷயம், பள்ளிக்கூடத்துப் பணம். 1785-இல், அரசியல் சாசனமே எழுதப்படாத காலத்தில், மேற்கு நிலங்களை எப்படி அளப்பது என்று ஒரு சட்டம் போட்டார்கள். ஆறு மைல் சதுரமாக ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 கட்டங்கள், அதில் 16-ஆம் கட்டம் பள்ளிக்கு. அளவுச் சங்கிலி முதலில் விழுந்தது ஒஹாயோவின் கிழக்கு ஓரத்தில்தான். இரண்டு வருடம் கழித்து வந்த இன்னொரு சட்டம், பள்ளிகளும் கல்விக்கான வழிகளும் என்றென்றும் ஊக்குவிக்கப்படும் என்று எழுதிவைத்தது. 1825-இல் ஒஹாயோ பள்ளிகளுக்காகச் சொத்து வரி போட்டது. யாரை விட்டுவிட்டார்கள்? 1829 சட்டம் கறுப்பினப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலிருந்து வெளியே நிறுத்தியது. 1840களின் கடைசியில் தனிப் பள்ளி அனுமதித்தார்கள், அந்தப் பிரிவினையைச் சட்டத்திலிருந்து எடுக்க 1887 ஆயிற்று.

இருநூறு வருடம் ஆகிவிட்டது, இன்றும் பள்ளியின் பெரும் பாரம் சொத்து வரியின் மேல்தான். எப்படி என்றால், பள்ளி மாவட்டம் கூடுதல் பணம் வேண்டும் என்றால் லெவி என்று வாக்குச்சீட்டில் போட்டு மக்களைக் கேட்கவேண்டும். கணக்கு மில் என்கிற அளவில், அதாவது வரிக்குரிய மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லட்சம் டாலர் வீடு என்றால் அதன் 35 சதவீதத்துக்குத்தான் வரி, ஒரு மில் என்றால் வருடத்துக்கு 35 டாலர். 1976-இல் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது, வீட்டு மதிப்பு ஏறினாலும் ஏற்கெனவே போட்ட லெவியிலிருந்து பள்ளிக்கு வரும் தொகை ஏறாதபடி விகிதம் தானாக இறங்கிவிடும். வீட்டுக்காரர்களைக் காப்பாற்ற வந்த சட்டம், அந்த நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் பேருந்து டீசல், மருத்துவக் காப்பீடு, சம்பளம் எல்லாம் ஏறும், வரவு மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். ஆகவே சில வருடத்துக்கு ஒருமுறை பள்ளி மறுபடி மக்கள் முன்னால் வந்து கை நீட்டவேண்டும்.

லெவி தோற்ற வருடங்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். முதலில் உயர்நிலைப் பள்ளிப் பேருந்து நிற்கும். அப்புறம் ஓவியம், இசை. விளையாடவேண்டுமானால் பணம் கட்டு என்பார்கள், கட்ட முடியாத பையன் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிடுவான், ஏன் என்று யாரிடமும் சொல்லமாட்டான். ஜனவரிக் காலையில் ஏரிப் பக்கமிருந்து காற்று வீசும்போது, நடைபாதை இல்லாத சாலை ஓரத்தில் பனியை மிதித்துக்கொண்டு நடந்து வந்த பிள்ளைகளை நான் காரில் இருந்து பார்த்திருக்கிறேன். முதல் பாடவேளை முழுக்க அவர்கள் காலணி ஈரம் ரேடியேட்டர் ஓரமாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

மாநிலத்தின் தெற்கே பெர்ரி கவுன்ட்டி என்று நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கிருந்து டீரால்ஃப் என்கிற மாணவர் பெயரில் 1991-இல் ஒரு வழக்கு தொடுத்தார்கள், இப்படிச் சொத்து வரியை நம்பிப் பள்ளி நடத்துவது மாநில அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று. நிலக்கரியில் அறையைச் சூடாக்குகிற ஒரு பள்ளியில் இரவெல்லாம் கரித்தூள் மேசைகளில் படிந்து, காலையில் பிள்ளைகள் அதைச் சுவாசித்தார்கள் என்பதெல்லாம் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1997 மார்ச்சில் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 2000-லும் 2002-லும் மறுபடி சொன்னது. 2003-இல் வழக்கை மூடிவிட்டது. அதன் பிறகு கட்டடங்கள் நிறைய மாறின, அதை மறைக்கக்கூடாது, புதுப் பள்ளிகள் கட்டினார்கள், நிதிச் சூத்திரத்தையும் மாற்றிக்கொண்டே வருகிறார்கள். ஆனால் லெவி அப்படியே இருக்கிறது. பிள்ளை எந்தத் தெருவில் பிறந்ததோ அந்தத் தெருவின் வீட்டு மதிப்பு அதன் படிப்பைத் தீர்மானிக்கிறது. ஷேக்கர் ஹைட்ஸ் பத்திரத்தையும் இந்த வரி ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அதற்கு மேல் நான் விளக்கவேண்டியது எதுவும் இருக்காது.

இப்போது சொத்து வரியையே ஒழிக்கவேண்டும் என்று மாநிலத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மறுமதிப்பீடு வந்தபோது எங்கள் ரசீதும் ஏறியது, பென்ஷன் ஏறவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், மனைவி போய்விட்டார், ஐம்பது வருட வீட்டை விற்றுவிடலாமா என்று என்னிடம் கேட்டார். அவரிடம் போய்ப் பிள்ளைகள் படிப்பு என்று பாடம் எடுக்க முடியாது. அவரையும் விட்டுவிடாத, பனியில் நடக்கிற பிள்ளையையும் விட்டுவிடாத ஒரு வழி வேண்டும், அது மாநிலம் தன் வருமானத்திலிருந்து பெரிய பங்கு கொடுத்தால்தான் வரும். நீதிமன்றம் சொன்ன திசையும் அதுதான். அதுவரை லெவி வந்தால் நான் ஆம் என்றுதான் குத்துவேன்.

அந்தப் பெரியவருக்கு ஒன்று செய்தேன். 65 வயது ஆன, வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஒஹாயோவில் ஹோம்ஸ்டெட் சலுகை உண்டு, வீட்டு மதிப்பில் ஒரு பகுதிக்கு வரி கிடையாது. அவருக்கு அது தெரியவே தெரியாது. படிவத்தை அச்செடுத்துப் போய் அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினோம். இங்கே இருக்கிற நம் ஆட்கள் பலர், பிள்ளைகளோடு வந்து சேர்ந்த பெற்றோர் பேரில் வீடு வைத்திருப்பவர்கள்கூட, இதைக் கேட்டதே இல்லை என்கிறார்கள். வீடு அவர்கள் பேரில் இருந்து, அவர்களே அதில் குடியிருந்தால், கவுன்ட்டி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். டிசம்பர் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள்.